ஓய்வு பெற்ற மறுநாள் காலை எட்டே முக்கால்: முதல் ஓராண்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 மே 31, செவ்வாய்க்கிழமை. பிற்பகலோடு பணி ஓய்வு. கூட்டம் போட்டார்கள், ஒன்பது பொன்னாடை போர்த்தினார்கள், ஜாங்கிரியும் மிக்சரும் கொடுத்தார்கள். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம். இனிமேல் நேரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாதவனுக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை யார் தொடங்கினார்களோ! மாலையும் கழுத்துமாகக் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள், மனைவி ஆரத்தி எடுத்தாள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குக் குளித்து, சட்டையை பேண்டுக்குள் விட்டு, பேனாவைப் பையில் செருகி, செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி. பதில் இல்லை. அப்படியே உட்கார்ந்து செய்தித்தாளை எடுத்தேன். பதினொன்றரைக்கு வரி விளம்பரம்கூட மிச்சமில்லாமல் படித்து முடித்திருந்தேன்.

34 வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு, கடைசியில் கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். ஓய்வு என்பது எனக்குத் திடீரென்று வந்த விஷயமும் இல்லை. நியாயமாக 2020 மே மாதமே, 58 வயதில் போயிருக்க வேண்டும். அந்த மாதம்தான் தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரியில் 60 ஆக்கியது. இரண்டு முறை தள்ளிப்போய், இரண்டு வருடம் கூடுதலாக யோசிக்க நேரம் கிடைத்தும், அந்தப் புதன்கிழமைக்கு நான் எதுவும் யோசித்து வைக்கவில்லை. யோசித்ததெல்லாம் பணத்தைப் பற்றித்தான்.

(என் வயசுக்காரர்கள் பலருக்கு மே மாதக் கடைசியிலேயே ஓய்வு வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதிகள் அவை. என் அம்மா கணக்குப்படி நான் ஆவணியில் பிறந்தவன்.)

இன்னும் ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கும், அவர்களோடு வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படிகளை நடந்த வரிசையிலேயே தருகிறேன். சில படிகளில் நான் ஒழுங்காக ஏறினேன். சிலவற்றில் வழுக்கினேன்.

முதல் படி: ஆறு மாதம் முன்பே காகிதங்களை எடுத்துப் பாருங்கள்

பணிப்பதிவேடு, ஆதார், பான், வங்கிக் கணக்கு நான்கிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களில் உங்கள் துணையின் பெயரும் பிறந்த தேதியும். என் மனைவியின் பெயர் ஓர் இடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் இருந்தது. முப்பது வருடம் அடுத்தவர் கோப்புகளில் இதே பிழையைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பியவன் நான். என் கோப்பில் மட்டும் பார்க்கவில்லை. ஓய்வூதிய ஆணை நான்கு மாதம் தள்ளிப்போனது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, திருப்பி அனுப்பியவர் நான் கற்றுக்கொடுத்த பையன்தான்.

பழைய தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபம்) ஏதாவது உங்கள் பெயரில் தூங்குகிறதா, நிலுவையில்லாச் சான்று எந்தெந்தப் பிரிவிலிருந்து வாங்க வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஈட்டிய விடுப்புக் கணக்கையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தமிழக அரசு ஊழியருக்கு அதிகபட்சம் 240 நாளுக்குப் பணம் உண்டு.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்குப் பட்டியல் வேறு. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வாரிசு நியமனத்தை ஆன்லைனில் முடித்துவிடுங்கள். அதோடு சேர்ந்த ஓய்வூதியம் 58 வயதில் தொடங்கும், குறைந்தது 10 வருடப் பணி இருக்க வேண்டும். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) நீங்களே ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, பணி செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். நிறுவனம் சொல்லும் தொகை இதற்குக் குறைவாக இருந்தால் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாம் படி: பணம் வந்ததும் 90 நாள் அதைத் தொடாதீர்கள்

ஓய்வுப் பணம் வங்கிக்கு வந்த செய்தி எப்படித்தான் வெளியே தெரியுமோ. முதல் வாரமே ஒருவர் காப்பீட்டுத் திட்டத்தோடு வந்தார். அடுத்து ஒருவர், ஊருக்கு வெளியே மனை, "இப்ப விட்டா கிடைக்காது சார்". மூன்றாவதாக வந்தது சொந்தத்தில் ஒருவர், சித்தப்பா வழி. வட்டியெல்லாம் பேசவில்லை, கைமாற்றாகக் கேட்டார், மூன்று லட்சம். கொடுத்தேன். அதில் 40 ஆயிரம் திரும்பி வந்திருக்கிறது. இப்போது கல்யாண வீடுகளில் அவர் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்தியில் உட்காருகிறேன். பணத்தைவிட அந்தப் பேச்சு போனதுதான் நஷ்டம்.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, "மூணு மாசத்துக்கு எதையும் எடுக்கறதில்லன்னு வீட்ல முடிவு" என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். வீட்டில் முடிவு என்று சொல்வது முக்கியம். நீங்கள் மட்டும் எடுத்த முடிவு என்றால் உங்களைக் கரைக்கப் பார்ப்பார்கள்.

அந்த மூன்று மாதத்தில் படிக்க வேண்டியவை இவை. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமானது. வட்டியும் அப்போது 8.2 விழுக்காடு ஆனது. வட்டி வீதத்தை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கும், ஆனால் நீங்கள் சேரும் நாளில் உள்ள வீதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். 60 வயது முடிந்தவர் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர் என்றால், பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். அவர்களுக்கு என்னுடைய 90 நாள் கணக்கு இடிக்கும். 80 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். வங்கி வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, அசலும் வட்டியும் சேர்த்து. கால் விழுக்காடு கூட வருகிறது என்று சிறிய கூட்டுறவு வங்கி ஒன்றில் மொத்தத்தையும் போடும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு இன்னொரு கேள்வி வரும்: ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக முன்கூட்டியே வாங்கலாமா? வாங்கினால் 15 வருடத்துக்கு மாத ஓய்வூதியம் அந்த அளவுக்குக் குறையும். வீட்டுக் கடனோ மகள் கல்யாணக் கடனோ இருந்தால் வாங்குங்கள். "எல்லாரும் வாங்குறாங்க" என்பது மட்டும் காரணமாக இருந்தால், மனைவியோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அவ்வளவுதான் பணம். இதற்கு மேல் பணத்தைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இனி அவர்கள் சொல்லாதது.

மூன்றாம் படி: உங்கள் வீட்டில் புதிதாக வேலைக்குச் சேருங்கள்

காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை உங்கள் வீடு எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு வேறு, திங்கள் முதல் சனி வரை உள்ள வீடு வேறு. பாத்திரம் துலக்க வருகிறவர் எத்தனை மணிக்கு வருவார், கீரைக்காரம்மா எந்தப் பக்கக் கதவைத் தட்டுவார், பதினோரு மணிக்கு உங்கள் மனைவி எந்தத் தங்கையோடு போனில் பேசுவாள், மத்தியானம் எந்த ஜன்னலுக்குக் கீழே பாயைப் போடுவாள் என்பதெல்லாம் முப்பது வருடமாக நீங்கள் இல்லாமல் அமைந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் நடுவில் ஒரு பெரிய பீரோவைக் கொண்டுவந்து வைத்ததுபோல நீங்கள் வந்து உட்காருகிறீர்கள்.

ஜப்பானில் ஓய்வு பெற்ற கணவர்களுக்கு ஒரு கேலிப்பெயர் உண்டு, நனைந்த சருகு. பெருக்கினாலும் விளக்குமாற்றோடு ஒட்டிக்கொண்டு போகாது என்ற அர்த்தத்தில். மனைவி கோயிலுக்குக் கிளம்பினால் "நானும் வரேன்", கடைக்குக் கிளம்பினால் "இரு, நானும் வரேன்". நான் இரண்டு மாதம் சருகாகத்தான் இருந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். மூன்றாவது வாரம், மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சமையலறையை ஒழுங்குபடுத்தினேன். மளிகைச் சாமான் டப்பாக்களை எல்லாம் இறக்கி, துடைத்து, ஒவ்வொன்றின்மேலும் அச்சடித்ததுபோல எழுதிச் சீட்டு ஒட்டி, அகர வரிசைப்படி அடுக்கினேன். உளுந்து, எள், கடலைப்பருப்பு, கடுகு. அலுவலகத்தில் கோப்பறையை இப்படித்தான் திருத்தி எடுத்துப் பாராட்டு வாங்கியிருந்தேன். அவள் வந்து பார்த்தாள். கத்தவில்லை. "இங்க நான்தாங்க சூப்பிரண்டு" என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாள் டப்பாக்கள் பழைய இடத்துக்குப் போயிருந்தன. சீட்டுகளைக் கிழிக்கவில்லை, உள்ளே இருந்ததை மாற்றிவிட்டாள்.

அப்புறம் நான் கற்றுக்கொண்டவை.

முதல் ஒரு மாதம் எதையும் திருத்தாதீர்கள். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர் முதல் மாதம் என்ன செய்வார்? பார்ப்பார், கேட்பார், சொன்னதைச் செய்வார். அதே.

ஒரு வேலையை எடுத்தால் முழுதாக எடுங்கள். "காய் நறுக்கித் தரட்டா?" என்று கேட்டு, எந்தக் காய், எப்படி நறுக்க, எந்தக் கத்தி, நறுக்கியதை எங்கே வைக்க என்று நான்கு கேள்வி கேட்டால் அது அவளுக்குக் கூடுதல் வேலை. நான் காய்கறி வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து, வாங்கி, மண் போகக் கழுவி, உள்ளே வைப்பது வரை என் பொறுப்பு. மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு நடந்தே போகலாம். 1999 நவம்பரில் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய உழவர் சந்தை அதுதான், நான் இருபது வருடம் அந்த வழியாக அலுவலகம் போனேன், உள்ளே போனதில்லை. ஆறு மாதத்தில் நாட்டுக் கத்தரிக்காயைக் காம்பைப் பார்த்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டைப் பேசி முடிவு செய்யுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இதில்தான் பாதி வீடுகளில் மனக்கசப்பு. நான் அலுவலகம் போன நாட்களில் அவள் மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்டதே இல்லை. காலையில் மிஞ்சிய இரண்டு இட்லி, இல்லை மோர் ஊற்றிப் பிசைந்த சாதமும் ஊறுகாயும். நான் வீட்டில் உட்கார்ந்ததும் தினம் ஒரு மணிக்குச் சூடான சோறு, குழம்பு, பொரியல் என்று அவளுக்கு இரண்டாவது சமையல் முளைத்துவிட்டது. அவள் சொல்லவில்லை, ஒரு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றதைப் பார்த்துத்தான் கேட்டேன். இப்போது காலையிலேயே சமைத்து, முன்பு அலுவலகம் கொண்டுபோன அதே டிபன் பாக்ஸில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறாள். எனக்குப் பசிக்கிறபோது திறந்து சாப்பிட்டு, கழுவி வைக்கிறேன். ஆறிய சோறு முப்பது வருடம் இறங்கியது, இப்போது இறங்காதா?

தினம் இரண்டு மணி நேரமாவது வீட்டை விட்டு வெளியே இருங்கள். உங்களுக்காக இல்லை, அவளுக்காக.

பெண்கள் ஓய்வு பெறும்போது கதையே வேறு. என்னோடு வேலை பார்த்த ஓர் அம்மா சொன்னார்: "உங்களுக்கு வேலை போச்சு, எனக்கு ரெண்டு வேலையில ஒண்ணுதான் போச்சு." ஓய்வு பெற்ற மறு மாதமே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பெங்களூருக்கு வரச் சொல்லி மகன் டிக்கெட் போட்டுவிடுவான். போவதில் தப்பில்லை, ஆசையும் இருக்கும். ஆனால் எத்தனை மாதம், வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு விடுமுறை என்பதை டிக்கெட் போடும் முன்பே பேசிவிட வேண்டும். போய் இறங்கிய பிறகு பேசினால் அது சண்டையாகிவிடும். கணவர் தனியாக இருக்கப் பழகியிருக்கிறாரா என்பதையும் அதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: போன் அடிக்காத மாதங்கள்

முதல் இரண்டு மாதம் ஜாலியாகவே போகும். பழனி, ராமேசுவரம், மகள் வீடு. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் அட்ச்லி ஓய்வுக்காலத்தைக் கட்டங்களாகப் பிரித்து 1970களிலேயே எழுதியிருக்கிறார்: முதலில் தேன்நிலவு மாதிரி ஒரு காலம், அதற்குப் பின் சப்பென்று போகும் ஒரு காலம், அப்புறம்தான் ஆள் தன்னைத் திருப்பி நிறுத்திக்கொள்வது. எனக்கு இரண்டாவது கட்டம் ஆகஸ்டில் வந்தது.

அதற்கு முன்பு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது போன் வரும். "சார், அந்த ஃபைல்..." என்று. ஆகஸ்டில் ஒரு வாரம் முழுக்க எனக்கு வந்த அழைப்புகள், கேஸ் சிலிண்டர்காரரையும் மகளையும் தவிர்த்தால், கடன் வேண்டுமா என்று கேட்டவை மட்டும். நாம் இல்லாவிட்டால் அந்தப் பிரிவே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. இது தெரிய வருவதுதான் வலி. சம்பளம் நின்றது இவ்வளவு வலிக்கவில்லை.

இந்த நேரத்தில் எல்லோரும் செய்கிற ஒன்றை நானும் செய்தேன், பழைய அலுவலகத்துக்குப் போனேன். எழுந்து நின்றார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், பத்து நிமிடம் பேசினார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கோப்பைப் பார்க்கத் திரும்பினார்கள். என் நாற்காலியில் முதுகுவலிக்குச் சின்ன மெத்தை போட்டிருந்தார்கள், புதியவர் கொண்டுவந்தது. டீ ஆறும் வரைக்கும்கூட நான் உட்காரவில்லை. காகித வேலை இருந்தால் மட்டும் போங்கள். பழைய நண்பர்களை வெளியில், ஞாயிற்றுக்கிழமைகளில் பாருங்கள். அலுவலகக் கதையை அவர்களிடம் கேட்காமல் இருக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள், கஷ்டம்தான்.

இந்தக் காலத்தில் வருகிற வருத்தத்தை அசிங்கமாக நினைக்க வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், குளிக்கக்கூடத் தோன்றாமல் இருந்தால் அது வெறும் சோகம் இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை உண்டு, தமிழில் பேசலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார், இப்போது நன்றாக இருக்கிறார், அதைச் சொல்ல அவருக்கே ஒரு வருடம் ஆனது.

ஐந்தாம் படி: ஐந்து விதை போடுங்கள், இரண்டு முளைக்கும்

"ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்கோங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். பொழுதைப் போக்க ஒரு வேலை தேவையில்லை, அது தானாகவே போகும். நமக்கு வேண்டியது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்துக்கு நமக்காக யாராவது ஒருவர் காத்திருக்கிற மாதிரி ஏதாவது ஒன்று. அலுவலகம் நமக்குக் கொடுத்ததில் பெரியது அதுதான், சம்பளத்துக்கு அடுத்தபடியாக.

எதில் அது கிடைக்கும் என்று உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. ஒரு நோட்டு வாங்கி, ஐந்து விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றையும் நான்கு வாரம் செய்து பார்த்தேன். முடிவில் வரவு, செலவு என்று எழுதினேன், பழக்கதோஷம். யோகா வகுப்பு: மூன்றாவது நாளே தூங்கிவிட்டேன். மாடித்தோட்டம்: தக்காளிச் செடி நன்றாக வந்தது, குரங்குகளும் வந்தன. ஆன்மிகச் சொற்பொழிவு: அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள், பேசிப் பேசி அலுவலகக் கதையில் போய் முடிந்தது. மூன்றும் போயின.

நின்றவை இரண்டு. ஒன்று மனு எழுதுவது. பக்கத்துத் தெருவில் வீட்டு வேலை செய்யும் ஒரு பாட்டி, முதியோர் ஓய்வூதியத்துக்கு மூன்று முறை மனு கொடுத்தும் நிராகரிப்பு வந்ததாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். தாளை வாங்கிப் பார்த்தேன். ஆதாரில் ஒரு முகவரி, குடும்ப அட்டையில் வேறு முகவரி. மறுபக்கத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட தாள்களைத் திருப்பி அனுப்பியவனுக்கு எங்கே இடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். எதை முதலில் திருத்த வேண்டும், எந்தச் சான்றை வைக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நான்கு மாதத்தில் அவருக்குப் பணம் வர ஆரம்பித்தது. மாதம் ஆயிரம் ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. முதல் மாதம் பாட்டி அரைக் கிலோ வெல்லம் கொண்டுவந்து கொடுத்தார், என் ஒன்பது பொன்னாடையும் சேர்ந்து தராததை அது தந்தது.

இப்போது செவ்வாய், வெள்ளி மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்காருகிறேன். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதல் பட்டதாரிச் சான்று, விதவை உதவித்தொகை. காசு வாங்குவதில்லை, இ-சேவை மையத்தில் என்ன கட்டணம் என்பதை மட்டும் சொல்லி அனுப்புவேன். தெருப் பிள்ளைகள் எனக்குப் பெட்டிஷன் தாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை வேறாக இருக்கலாம். மின்வாரியத்தில் இருந்தவர் தெருவில் மின்கட்டணக் குழப்பம் தீர்க்கலாம், கணக்கு ஆசிரியை பத்தாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கலாம். கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலையில் இருந்தபோது கவுண்டரின் உள்பக்கம் நின்று தெரிந்துகொண்ட எது வெளியே நிற்பவருக்குத் தெரியாது?

இரண்டாவது, சுத்தமாகத் தெரியாத ஒன்று. நான் தமிழி, அதாவது பழைய கல்வெட்டுகளில் உள்ள தமிழின் ஆதி எழுத்து, படிக்கிறேன். மதுரையைச் சுற்றி அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், திருப்பரங்குன்றம் என்று குன்றுக்குக் குன்று இரண்டாயிரம் வருடத்துக் கல்வெட்டு இருக்கிறது. மாங்குளத்துக் குன்றில் நெடுஞ்செழியன் பெயரே வெட்டியிருக்கிறது. அறுபது வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள், அங்கே போய் எழுத்தட்டவணையை நகல் எடுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். என்னோடு குன்று ஏறுகிறவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் ஐந்து நிமிடத்தில் படிப்பதை நான் அரைமணி நேரம் எழுத்துக் கூட்டுகிறேன், தப்பாகவும் படிக்கிறேன், திருத்துகிறார்கள். முப்பது வருடம் திருத்தியே பழகியவனை ஒருவர் திருத்துவது முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதற்காகத்தான் போகிறேன் என்று தோன்றுகிறது.

வெளியே அலைய முடியாதவர்களும் உண்டு. பழந்தமிழ் நூல்களை மின்னெழுத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. விக்கிமூலத்தில் பழைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கலாம். தட்டச்சுத் தெரிந்த ஓய்வூதியர் என்றால் இரண்டு இடத்திலும் வரவேற்பு உண்டு.

ஆறாம் படி: ஒரு சனிக்கிழமையில் முடிக்க வேண்டியவை

உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும், உயிலால் பயன்பெறுகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது.

வங்கிக் கணக்கில் துணையின் பெயரைச் சேருங்கள், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில். அடுத்த முறை வங்கிக்கு நீங்கள் போகாமல் அவரைப் போகச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்று மாதத்தைக் காலண்டரில் குறியுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர், மற்றவர்களுக்கு வேறு மாதமாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். ஜீவன் பிரமாண் மூலம் வீட்டிலிருந்தே போனில் கொடுக்கலாம்.

போலீஸ் என்றோ சுங்கத்துறை என்றோ சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் உங்களைக் "கைது" செய்பவரை நம்பாதீர்கள், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். ஓய்வூதியர்களைக் குறிவைத்தே அழைக்கிறார்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி ஒன்றும் அதே சனிக்கிழமை போட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: ஓராண்டு முடியும்போது பத்து நாள் தனியாக இருந்து பாருங்கள்

இது என் மனைவி சொன்ன படி. 2023 மே மாதம், ஓய்வு பெற்று வருடம் முடிகிற நேரம், "நான் பத்து நாள் திண்டுக்கல்ல தங்கச்சி வீட்ல இருந்துட்டு வரேன், நீங்க வர வேண்டாம்" என்றாள். முதலில் முகம் தொங்கிப்போனது. அப்புறம் யோசித்தால் சரிதான். ஒருவர் இல்லாமல் ஒருவர் அந்த வீட்டை நடத்த முடிகிறதா என்பதை இருவரும் நல்ல உடம்போடு இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அவளும் கிளம்பும் முன் வங்கிக்குத் தனியாகப் போய் ஏடிஎம் அட்டை வாங்கி வந்தாள், மின்கட்டணத்தைப் போனில் கட்டிப் பார்த்தாள்.

முதல் நாள் ரசம் வைக்க நின்றேன். டப்பாக்கள் வரிசையாக இருந்தன, ஒரு வருடத்துக்கு முன் நான் எழுதி ஒட்டிய சீட்டுகளோடு. மிளகு என்று இருந்ததைத் திறந்தால் பொட்டுக்கடலை. கடுகில் வெந்தயம். போன் போட்டேன்.

"எழுதியிருக்கறத ஏன் பார்க்கறீங்க?" என்றாள். "அடுப்புக்கு இடது கை பக்கம் மூணாவது, எள்ளுன்னு போட்டிருக்கும் பாருங்க, அதுதான் மிளகு. சீரகம் அதுக்குப் பின்னாடி."

நோட்டை எடுத்துவந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். சீட்டுகளைத் தொடவில்லை.